நாணயம் சேர்த்தவர்கள் இறக்கும்போது

பழங்காசு சேகரிப்பாளர் ஒருவர் காலமானால் நம் சூழலில் எழுதப்படும் அஞ்சலிக் குறிப்புக்கு நிலையான ஒரு வடிவம் உண்டு. அன்னார் இத்தனை ஆயிரம் நாணயங்கள் வைத்திருந்தார். இத்தனை நாடுகளின் பணத்தாள்கள் அவரிடம் இருந்தன. பள்ளிகளில் கண்காட்சி நடத்தினார். எளிமையானவர், பழகுவதற்கு இனியவர். அவரது மறைவு ஈடுசெய்ய முடியாத இழப்பு. முற்றும்.

இத்தகைய குறிப்புகளை நாங்களும் எழுதியிருக்கிறோம். பழங்காசுகளின்மேல் பித்துக்கொண்ட சிறு வட்டம் எங்களுடையது. கடந்த சில ஆண்டுகளில், குறிப்பாக 2020, 2021 ஆகிய கொள்ளைநோய் ஆண்டுகளில், எங்கள் மூத்தவர்களில் பலரை இழந்தோம். ஒவ்வொரு முறையும் மேற்கண்ட சொற்களையே வரிசை மாற்றி எழுதினோம். இப்போது அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிக்கையில் வெட்கமாக இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றினால் எந்தக் குறிப்பும் எவருக்கும் பொருந்துகிறது. வாழ்நாள் முழுவதும் ஒரு காசுக்கும் அதேபோன்ற இன்னொரு காசுக்கும் உள்ள நுண்ணிய வேற்றுமையைத் தேடியவர்களுக்கு, ஒரே அச்சில் வார்த்த அஞ்சலிகளை நாம் வழங்கிக்கொண்டிருக்கிறோம். இக்கட்டுரை அந்த வெட்கத்திலிருந்து எழுதப்படுகிறது. வாசிப்பவர்களுக்குக் கசக்கலாம், எழுதும் எங்களுக்கும் கசக்கத்தான் செய்கிறது.

எங்கள் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சேகரிப்பாளர் இறக்கும்போது காசுகள் அழிவதில்லை. செம்பு மனிதனைவிட ஆயுள் கூடியது. அழிவது, அந்தக் காசு எந்த மண்ணிலிருந்து, எந்தக் காசுகளோடு, யார் கைவழியாக வந்தது என்ற அறிவு. பெரும்பாலான நேர்வுகளில் அவ்வறிவு இறந்தவரின் தலைக்குள் மட்டுமே இருந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காசுகளின் எண்ணிக்கையைப் புகழும் அஞ்சலி, நினைவுகூரல் என்ற பெயரில் மறத்தலையே செய்கிறது.

*

ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். அந்தக் குடும்பத்தார் நல்லவர்கள்; அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எங்கள் நோக்கமன்று.

காவிரிக் கரையிலுள்ள ஊரொன்றில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அவர். எங்களுக்கு அவர் 'ஐயா'தான். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செம்புக்காசுகள் சேர்த்தவர். பொன்னும் வெள்ளியும் வாங்கும் வசதி அவருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. கோடையில் ஆறு வற்றியதும் மணலைச் சலித்து உலோகத் துணுக்குகளைத் தேடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் பாத்திரக்கடையில் எடைக்குப் போடும் செம்புக் குப்பையிலிருந்து ஐயா காசுகளைப் பொறுக்கியெடுப்பார். கடைக்காரர் எடைக்கு எடை செம்பு கேட்பார். ஐயா வீட்டிலிருந்து ஓட்டைக் குடத்தையோ நசுங்கிய சொம்பையோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் காசுகளோடு திரும்புவார். உருக்குப் பட்டறைக்குப் போகவிருந்த சோழர் காசுகள் பல அப்படித்தான் பிழைத்தன.

ஒவ்வொரு காசும் ஒரு சிறு காகித உறையில் இருக்கும். உறையின்மேல் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணுக்குரிய விவரங்கள் பள்ளிக்கூட நோட்டுகளில் இருந்தன: எந்தப் படித்துறைக்குக் கீழே கிடைத்தது, எந்த மாதம், கொண்டுவந்தவர் யார், உடன் கிடைத்தவை எவை, எழுத்தைத் தாம் முதலில் எப்படிப் படித்தார், பிறகு எப்படித் திருத்திப் படித்தார். சில பதிவுகளில் மூன்று நான்கு திருத்தங்கள் வெவ்வேறு மையில் இருந்ததை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தார்கள். நோட்டுகள் பழைய செய்தித்தாள்களோடு எடைக்குப் போயின. உறைகளைப் பிரித்துக் காசுகளை ஒன்றாகக் கொட்டி, களிம்பேறி இருக்கிறதே என்று புளி போட்டுத் துலக்கியும் வைத்திருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒரு தாம்பாளம் நிறையச் செம்பு பளபளத்தது. மகன் கேட்டார்: "சார், இது மொத்தமா என்ன விலைக்குப் போகும்?"

அந்தக் கேள்வியில் பேராசை இல்லை என்பதை இன்று உறுதியாகச் சொல்வோம். தந்தை நாற்பதாண்டுகள் செய்துவந்த வேலைக்கு என்ன பொருள் என்பதை அறிந்துகொள்ள அவருக்குத் தெரிந்திருந்த ஒரே கேள்வி அதுதான். வேறொரு கேள்வியை நாம் யாரும் அவருக்குக் கற்றுத் தரவில்லை. ஊர் திரும்பிய நாங்கள் அஞ்சலிக் குறிப்பு எழுதினோம். 'ஆயிரக்கணக்கான பழங்காசுகளைச் சேர்த்த அரிய மனிதர்' என்று எழுதினோம். நோட்டுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மகன் கேட்ட கேள்வியைத்தான் நாங்களும் வேறு சொற்களில் கேட்டிருக்கிறோம்: மொத்தம் எவ்வளவு?

*

'கண்டெடுத்த இடம் தெரியாவிட்டால் என்ன? காசில் எழுத்து இருக்கிறதே, அதைப் படித்தால் போதாதா?' என்று இலக்கிய நண்பர்கள் கேட்பதுண்டு. கவிதைக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது, கவிஞனின் ஊரும் காலமும் எதற்கு என்று வாதிட்டுப் பழகியவர்களின் கேள்வி இது. காசு விஷயத்தில் அது செல்லாது.

'சேது' என்ற தமிழ் எழுத்தும் படுத்திருக்கும் காளையும் பொறித்த காசுகளை எடுத்துக்கொள்வோம். சேது என்றதும் இராமநாதபுரத்துச் சேதுபதிகள் நினைவுக்கு வருவது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவர்கள் சிலர் இவற்றை அவர்களுக்கே உரியவை என்று கொண்டனர். ஆனால் இவை யாழ்ப்பாணத்திலும் இலங்கையின் பிற பகுதிகளிலும் மிகுதியாகக் கிடைத்துவந்தன. சுவாமி ஞானப்பிரகாசரும், 1924இல் இலங்கை நாணயங்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட காட்ரிங்டனும் இவற்றை யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசுகள் என்று நிறுவினர். இன்று அதுவே ஏற்கப்பட்ட முடிவு. காசின் எழுத்து மட்டும் இருந்திருந்தால் சேதுபதிகள் என்ற எளிய விடையோடு நின்றிருப்போம். ஓர் அரசு தன் பெயரில் நாணயம் அடித்தது என்ற வரலாற்று உண்மை, அந்தக் காசுகள் எங்கே கிடைத்தன என்று யாரோ சிலர் குறித்து வைத்ததனால் நமக்குக் கிடைத்தது. அந்தக் 'யாரோ சில'ரின் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இன்னொன்று. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசனின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய கீறல் இருந்தது. அப்படிக் கீறப்பட்ட ஒற்றைக் காசு ஒரு நகைக்கடையில் தனியாகக் கிடைத்திருந்தால் சேதமுற்ற காசு என்று விலையைக் குறைத்திருப்பார்கள், அவ்வளவே. ஒரே குவியலில் நூற்றுக்கணக்கானவை ஒன்றுபோல் வெட்டப்பட்டிருந்ததால்தான் அது தற்செயலான சேதமன்று, யாரோ வேண்டுமென்றே செய்த செயல் என்று தெரிந்தது. அந்தக் காசுகளை நாணயமாகச் செல்லாதபடி ஆக்குவதற்காக வெட்டினார்களா என்ற விவாதமே அதிலிருந்துதான் தொடங்கியது. உடன் கிடைத்தவை எவை என்ற ஒரு குறிப்பு ஓர் ஆய்வுத்துறையின் கேள்வியையே மாற்றிவிடுகிறது. ஐயாவின் நோட்டில் அந்த விவரத்துக்கென்று தனிப் பத்தி இருந்தது.

மூன்றாவது சான்று நம் காலத்தது. சங்க கால மன்னர்கள் தமக்கென நாணயம் வெளியிட்டதில்லை என்றே ஆய்வுலகில் பலரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் இரா. கிருஷ்ணமூர்த்தி தம் கைக்கு வந்த சதுரச் செம்புக்காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற பெயரைத் தமிழ்-பிராமி எழுத்தில் கண்டார். பின்னர் கரூர் அமராவதி ஆற்றுப்படுகையிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை போன்ற சேரர் பெயர் தாங்கிய காசுகளும் வெளிவந்தன. தினமலர் ஆசிரியராக அறியப்பட்ட அவர் 2021 மார்ச் 4 அன்று மறைந்தபோது பல அஞ்சலிகள் வந்தன. ஆனால் அவரை நினைவுகூர எந்த அஞ்சலியும் தேவையில்லை. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிய அவரது நூல் 1997இலேயே வெளிவந்துவிட்டது. அவர் எழுதினார், படம் வெளியிட்டார், தம் வாசிப்பைப் பிறர் சோதித்துப் பார்க்கும்படி வைத்தார். அவர் காசுகள் நாளை எங்கே போனாலும் அந்த அறிவு போகாது. சேகரிப்பாளனும் ஆய்வாளனும் பிரியும் இடம் இதுதான். கிருஷ்ணமூர்த்திக்கு எழுத்தும் அச்சும் அன்றாடத் தொழில். அந்த வசதி இல்லாத எங்கள் ஐயாக்களின் கதி என்ன என்பதுதான் எங்கள் கேள்வி.

*

நூற்றாண்டுக்கு முந்தைய சேகரிப்பாளர்களைப் பற்றி நமக்கு நன்றாகவே தெரியும் என்பது வேடிக்கையான உண்மை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த சர் வால்டர் எலியட் தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய தம் நூலை 1886இல் வெளியிட்டார். அப்போது அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய முற்றாகப் போயிருந்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். பார்க்க முடியாத காசுகளைப் பற்றித் தம் நினைவிலும் குறிப்புகளிலும் இருந்ததை அச்சேற்றிவிட்டுத்தான் அவர் போனார். டென்மார்க்கிலிருந்து வந்த பாதிரியார் லோவென்தால் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். திருச்சியின் வழக்கறிஞர் தேசிகாச்சாரி 1933இல் தென்னிந்தியக் காசுகளைப் பற்றி எழுதினார்.

இவர்களில் எவரும் தொழில்முறை வரலாற்றாசிரியர் இல்லை. ஒருவர் அதிகாரி, ஒருவர் பாதிரியார், ஒருவர் வக்கீல். நம் ஐயாவைப் போலவே ஓய்வு நேரத்தில் காசு பொறுக்கியவர்கள். அவர்களுடைய முடிவுகள் பல இன்று தவறென்று தள்ளப்பட்டுவிட்டன. ஆனால் தவறு என்று சொல்வதற்கேனும் நாம் அவர்கள் நூலைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஒருவரை நினைவுகூர்வது என்றால் அதுதான்: அவர் சொன்னதோடு இன்றும் வாதம் செய்ய முடிகிறது.

எலியட்டுக்கு அதிகாரம் இருந்தது, அச்சகம் கிடைத்தது, அவர் காசுகளை வாங்கிவைக்க அருங்காட்சியகம் இருந்தது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் அது 1886ஆம் ஆண்டுக்கு உரிய நியாயம். இன்று ஒரு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படமெடுக்கக் கையடக்கத் தொலைபேசி ஒன்றும் ஒரு பிற்பகலும் போதும். ஐயாவின் வீட்டுக்கு நாங்கள் எத்தனையோ பிற்பகல்கள் போயிருக்கிறோம். காப்பி குடித்தோம், காசுகளைப் படமெடுத்தோம். நோட்டைப் படமெடுக்கவில்லை. எனவே வசதியின்மை என்ற சமாதானம் எங்களுக்கு இல்லை. எது மதிப்புள்ளது என்ற எங்கள் பார்வையே பிழைபட்டிருந்தது.

*

இந்தப் பிழையில் பலருக்குப் பங்குண்டு. தனித்தனியாகச் சொல்வதே நேர்மை.

முதற்பங்கு சட்டத்துக்கு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுள் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் எதைக் கண்டெடுத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்கும். இதைக் கவனிக்க வேண்டும். சட்டமே பழங்காசை எடைக்குத்தான் மதிக்கிறது. அந்த வகையில் பாத்திரக்கடைக்காரருக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஐந்தில் ஒரு பங்குதான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த காசைத் தொல்பொருள் என்று வரையறுத்து, தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடைவிதிக்கிறது. அந்தத் தடை தேவையானதே. ஆனால் கண்டெடுத்தவன் அச்சமின்றி இடத்தைச் சொல்வதற்கு நம்மிடம் ஒரு வழி இல்லை. சொன்னால் விசாரணை வரும் என்று அஞ்சுகிறான். 'ஆற்றில் கிடைத்தது' என்று பொதுவாகச் சொல்லி முடித்துக்கொள்கிறான். பிரிட்டனில் 1996இல் இயற்றிய புதையல் சட்டம் கண்டெடுத்தவருக்குச் சந்தை மதிப்பை ஒட்டிய வெகுமதிக்கு வழிசெய்தது. 1997இல் தொடங்கிய பதிவுத் திட்டம் பொதுமக்கள் கண்டெடுத்த சிறு பொருள்களை இடத்தோடு பதிவு செய்து, பொருளை அவர்களிடமே திருப்பித் தருகிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. அங்கு குறைகள் இல்லாமலில்லை. ஆயினும் காசைவிட இடமே முதன்மை என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம் பங்கு கல்விப்புலத்துக்கு. சேகரிப்பாளன் என்றால் வியாபாரி, வியாபாரி என்றால் திருடன் என்ற எளிய சமன்பாடு அங்கே உலவுகிறது. அகழாய்வில் மண்ணடுக்கோடு கிடைத்த காசே சான்று, மற்றவை வெறும் பண்டம் என்கிறார்கள். மண்ணடுக்கோடு கிடைத்த காசின் மதிப்பு தனிதான். அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து ஆற்றுமணலில் சேர்த்த காசுக்கு மண்ணடுக்கு ஏது? மாக்கோதையின் காசு சேகரிப்பாளர் கைக்கு வந்திராவிட்டால் எங்கே போயிருக்கும்? உருக்குப் பட்டறைக்குத்தான். சேகரிப்பாளர்களின் முடிவுகளைத் தம் ஆய்வேடுகளில் எடுத்தாண்டுகொண்டு, அவர்களைக் கருத்தரங்கின் கடைசி வரிசையில் உட்காரவைக்கும் வழக்கத்தை நாங்கள் நேரில் கண்டிருக்கிறோம்.

மூன்றாம் பங்கு, பெரும்பங்கு, எங்களுக்கே. சேகரிப்பாளர்களிடம் இரு நோய்கள் உண்டு. ஒன்று, இரகசியம். நல்ல காசு கிடைக்கும் இடத்தைச் சொன்னால் போட்டியாளன் அங்கே போய்விடுவான் என்று பொய் ஊரைச் சொல்வது. கரூரில் வாங்கியதை மதுரை என்பார்கள், மதுரையில் வாங்கியதைத் திருக்கோவலூர் என்பார்கள். இந்தப் பொய் இறந்தவரோடு புதைவதில்லை. கட்டுரைகளுக்குள் நுழைந்து வரலாறாகிவிடுகிறது. மற்றொன்று, விலை. நாங்கள் கொடுக்கும் விலைதான் மணலைச் சலித்தவனைக் கோயில் மேட்டைத் தோண்டும் இடத்துக்கு அழைத்துச் செல்கிறது. போலிக்காசு செய்பவனுக்குப் பட்டறை வைத்துக் கொடுப்பதும் அதே விலைதான். கல்விப்புலத்தார் எங்கள்மேல் வைக்கும் குற்றச்சாட்டில் இந்தப் பாதி உண்மை. அதை மறைத்துக்கொண்டு எங்கள் மூத்தவர்களுக்குப் புகழ்மாலை சூட்டுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இலக்கியம் படிக்கும் நமக்கும் ஒரு பங்கு உண்டு. சங்கப்பாடலில் மன்னன் பெயர் வந்தால் உரை எழுதுவோம், பாடபேதம் காண்போம், ஆண்டுக்கணக்கில் சண்டையிடுவோம். அதே குடிப்பெயர் ஒரு செம்புத் துண்டில் இருக்கிறது என்றால், 'அதெல்லாம் பொழுதுபோக்கு' என்று கடந்துபோவோம். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே. சாமிநாதையர் நமக்குத் தெய்வம். ஆற்றில் கழித்துவிடப்பட்ட சுவடிகளை எண்ணி நாம் இன்றும் கண்ணீர் வடிக்கிறோம். ஆனால் நம் தெருவில் ஒரு தமிழாசிரியரின் நோட்டுகள் எடைக்குப் போகும்போது நமக்கு அது சுவடி என்றே தோன்றுவதில்லை.

*

'இறந்தவரைப் பற்றிக் குறை எழுதலாமா? அவர் ஏமாந்து வாங்கிய போலிகளையும், தவறாகப் படித்த எழுத்துகளையும், சொன்ன பொய்யையும் அஞ்சலியில் சேர்ப்பது பண்பாடா?' என்று எங்கள் வட்டத்திலேயே ஒருவர் கோபப்பட்டார். அவர் கோபத்தை மதிக்கிறோம். மரணம் நடந்த வீட்டில் நல்லதை மட்டும் பேசுவது நம் வழக்கம். அது துயருற்றவர்களுக்குத் தரும் ஆறுதல். ஆனால் ஆறுதல் வேறு, நினைவு வேறு. ஆறுதல் பதினாறு நாளுக்கு. நினைவு அதற்குப் பிறகு தொடங்குவது.

இறந்தவர்க்கு நினைவெழுப்புவதில் நம் முன்னோர் நம்மைவிடத் துல்லியமானவர்கள். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்தது. அந்தக் கல்லில் அவனோடு நின்ற நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்தது என்றும் பொறித்திருக்கிறார்கள். ஆண்டு, பெயர், நடந்தது என்ன, உடன் இருந்தது யார். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' என்ற சொற்றொடர் அங்கே இல்லை. கல்லில் எழுத்து வெட்டுவது கடினமான வேலை. எனவே தேவையானதை மட்டும் வெட்டினார்கள். அது தேவையென்று அவர்கள் கருதியவற்றுள் ஒரு நாயின் பெயரும் இருந்தது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர் நாம் அந்த நாயைப் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது. ஐயாவுக்கு ஆற்றிலிருந்து காசு கொண்டுவந்து கொடுத்தவர்கள் ஒருவர் பெயரையும் நம்மால் சொல்ல முடியவில்லை. அவை அந்த நோட்டில் இருந்தன.

குறையை எழுதுவதிலும் பண்பாட்டுக் கேடு ஒன்றும் இல்லை. ஐயா தம் வாசிப்பைத் தாமே அடித்துத் திருத்தியவர். அவர் போலியென்று ஐயப்பட்ட காசுகளின் பட்டியல், அவர் மெய்யென்று நம்பியவற்றின் பட்டியலைவிடப் பின்வருவோர்க்குப் பயன்படும். தம் பிழையை மறைக்காத ஒருவரைப் பிழையே இல்லாதவராகக் காட்டுவது அவர் கையெழுத்தை அழிப்பதற்குச் சமம்.

*

எனவே நாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி எங்கள் வட்டத்தில் எவர் மறைந்தாலும் அவரிடம் எத்தனை காசுகள் இருந்தன என்று எழுதமாட்டோம். அவர் எதை முதலில் கண்டார், எதைத் தவறாகக் கண்டார், எந்த ஊரின் எந்தத் துறையை அறிந்திருந்தார், அவருக்குக் காசு கொண்டுவந்தவர்கள் யார், அவர் குறிப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பவற்றை எழுதுவோம். எழுத ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதுவோம். அந்த வெறுமை இறந்தவரின் குற்றம் மட்டுமன்று, அவரோடு பழகிய எங்களின் குற்றமும்கூட.

அதைவிட முக்கியமானது, அஞ்சலிக்குக் காத்திராமல் இருப்பது. உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் போய் உட்கார்ந்து, உறை உறையாகக் கேட்டு எழுதுவோம். சொல்ல மறுப்பவர்கள் இருப்பார்கள். இடத்தை இப்போது வெளியிடமாட்டோம், எழுதி மட்டும் வைக்கிறோம் என்று கெஞ்சுவோம். காசுகளை விற்பது குடும்பத்தின் உரிமை. அதில் தலையிட எங்களுக்கு உரிமை இல்லை. எல்லாச் சேகரிப்பும் அருங்காட்சியகம் போக வேண்டும் என்ற பேராசையும் இல்லை. விற்பதற்கு முன் உறையும் நோட்டும் பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குடும்பத்தாரிடம் கேட்போம். 'என்ன விலை போகும்' என்ற கேள்வியின் பக்கத்தில் 'அப்பா இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்' என்ற கேள்வியையும் வைக்க அவர்களுக்கு நாம் கற்றுத்தந்தாக வேண்டும்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, ஐயாவுக்கு இந்த முறைப்படி ஓர் அஞ்சலி எழுதிப் பார்க்கலாம் என்று அமர்ந்தோம். நினைவிலிருந்து திரட்டினோம். செம்பில் மட்டுமே ஆர்வம் கொண்டவர். சந்தையில் எளிதாகக் கிடைப்பதால் மதிப்பில்லை என்று மற்றவர்கள் ஒதுக்கும் ராசராசன் காசுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, நிற்கும் உருவத்தின் கையமைப்பில் உள்ள வேறுபாடுகளை வரைந்து வைத்திருந்தார். அந்த வகைகளுள் ஒன்று தமக்கு எப்போதும் ஒரே படித்துறைக்குக் கீழிருந்துதான் வருகிறது என்றும், அந்தத் துறைக்கு அருகில் ஏதேனும் பழைய அங்காடி இருந்திருக்கலாம் என்றும் ஒருநாள் எங்களிடம் சொன்னார். எழுத்தில் இல்லாத, எந்த நூலிலும் வராத, அவர் ஒருவரே கண்ட ஒன்று அது.

எந்தப் படித்துறை என்று நாங்கள் கேட்டோம். அவர் சொன்னார். நாங்கள் எழுதி வைக்கவில்லை.